குடமும் கணிப்பொறியும்

(இளம் அறிவியல் – கணிப்பொறியியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

வகுப்பு நண்பர்கள் எனக்குச் சூட்டியிருக்கும் பட்டம் ‘கணிப்பொறிப் பைத்தியம்’. அதை நான் மறுத்ததில்லை. மதிய இடைவேளையில் மற்றவர்கள் மரத்தடியில் அரட்டை அடித்துக்கொண்டிருக்க, ஆய்வுக்கூடத்துச் சாவிக்காகக் கதவருகே காத்து நின்றவன் நான். ஆனால் மாலையில் பேருந்து ஏறிப் பழவேற்காட்டில் இறங்கி, ஏரிக்கரையிலுள்ள என் குப்பத்துக்குள் நுழைந்துவிட்டால் எனக்கு வேறு பெயர். அங்கே நான் வலைக்காரர் மகன்.

இந்த இரண்டு பெயர்களோடும் இரண்டு பேச்சுகள் என் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கல்லூரியில், “இன்னும் பத்தாண்டில் எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்” என்கிறார்கள். குப்பத்தில், “அந்தக் காலம் மாதிரி வருமா?” என்கிறார்கள். ஒரு பேச்சை முழுதாக நம்பி ஊர் நடுவே தலைகுனிந்தவன் நான். அதன்பின் மற்றப் பேச்சையும் முழுதாக நம்ப முடியாமல் போனது. அந்தக் கதையைத்தான் இந்த மலரில் நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பழவேற்காட்டை அறியாதவர்களுக்கு ஒரு சொல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடியில் நாங்கள் இருக்கிறோம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அவர்களுடைய கல்லறைகளை மட்டும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971-இல் சிறு ஆய்வு ராக்கெட்டோடு தொடங்கிய அந்த ஏவுதளத்திலிருந்துதான் 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுமந்து சென்றது.

ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அன்று வலைகள் கரையில் காயும். நாங்கள் வானத்தைப் பார்த்து நிற்போம். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோது, என் பாட்டி கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏன்டா கண்ணு, நிலாவுக்குப் போறவங்களுக்கு நம்ம மொகத்துவாரத்த மண்ணு எப்ப மூடும்னு சொல்லத் தெரியுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. ஆனால் அந்த நெருப்பு வால் மேகத்துக்குள் மறைந்ததைப் பார்த்த கணத்தில், இதை இயக்கும் கணிப்பொறிகளைப் போல் ஒன்றை நானும் இயக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குள் உறுதிப்பட்டது.

ஆசைக்கு விதை முன்பே விழுந்திருந்தது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் என் அக்காவுக்குப் பள்ளியில் ஒரு மடிக்கணினி கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணிப்பொறி அதுதான். அக்கா திருமணமாகிப் போனபின் அது எனக்கு உரிமையாயிற்று. இன்று அதன் பேட்டரி செத்துவிட்டது. மின்கம்பியைச் செருகினால்தான் உயிர் வரும். ஒரு விசை கழன்று, அடியிலுள்ள ரப்பர் மொட்டை அழுத்தித்தான் அந்த எழுத்தை வரவழைக்க வேண்டும். ஆயினும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பழையதை எண்ணி உருகுவது கிழவர்களின் குணம் என்று கேலி பேசுகிறோம். இருபது வயதில் எனக்கும் அந்த நோய் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் தந்தைக்கும் உண்டு. எங்கள் பக்கத்தில் தந்தையை நைனா என்றே அழைப்போம். 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100 என்ற கைப்பேசியை அவர் இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். “பேசறதுக்கு ஒரு பட்டன், வெளிச்சத்துக்கு ஒரு பட்டன். நடு ராத்திரியில வல சிக்குனா அதுதான்டா எனக்கு வெளக்கு” என்பார். இப்போதுள்ள தொடுதிரை, ஈரக் கை பட்டால் முறைத்துக்கொள்கிறது. ஆக, நைனா ஏங்குவது பழைமைக்காக அன்று. ஈரக் கையை மதித்த ஒரு கருவிக்காகத்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துக் குப்பங்கள் சிலவற்றில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் இறாலைக் கொண்டுவந்து சேர்க்கும் இடங்கள் சில மட்டுமே. அங்கே கம்பு நட்டு, சுத்து வலை கட்டினால் நல்ல பாடு கிடைக்கும். இடமோ கொஞ்சம், வலைக்காரரோ பலர். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் வலையோடு வலை சிக்கும். பிறகு கையோடு கையும் சிக்கும். ஆகவே ஊர் கூடிப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, முதலில் யார், அடுத்து யார் என்று வரிசை கட்டுவார்கள். இன்று இந்த இடத்தில் கட்டியவர் நாளை வேறிடம். முறை முடிந்தவர் வரிசையின் கடைசிக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும் நாட்களில் யாருடைய முறை வருகிறது என்பதில் ஒரு குடும்பத்தின் கடனும் கல்யாணமும் அடங்கியிருக்கும்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் இயங்குதளப் பாடம் நடத்தினார். செயலி ஒன்று, காத்திருக்கும் வேலைகள் பல. ஒவ்வொரு வேலைக்கும் சிறிது நேரம் கொடுத்து, நேரம் முடிந்ததும் அதை வரிசையின் கடைசிக்கு அனுப்பி, அடுத்ததை அழைக்க வேண்டும். இதன் பெயர் ‘ரவுண்ட் ராபின்’ என்றார் அவர். நான் இருக்கையில் துள்ளிவிட்டேன். இது எங்கள் ஊர்ப் பாடு அல்லவா! செயலிக்குப் பதில் நீரோட்டம். வேலைகளுக்குப் பதில் வலைகள்.

பின்னர் நூலகத்தில் தேடியபோது இன்னொரு வியப்பு. துருக்கி நாட்டில் அலான்யா என்ற கடற்கரை ஊரிலும் மீனவர்கள் செப்டம்பர் மாதத்தில் சீட்டுப் போட்டு இடம் பிரித்திருக்கிறார்கள். ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாளுக்கு ஓரிடமாகக் கிழக்கே நகர்வார்கள். அதன்பின் மே வரை மேற்கே நகர்வார்கள். இடம்பெயரும் மீனின் போக்கு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவே இந்த ஏற்பாடு. பொதுச் சொத்தை மக்கள் தாமே ஆள முடியும் என்று காட்டி, 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் தம் நூலில் இதனை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தைய ஆண்டுச் சீட்டில் ஒரு சச்சரவு வேறு நடந்திருந்தது. ஒரு சீட்டின் மூலை மடங்கியிருந்தது என்றும், அது வேண்டுமென்றே மடக்கப்பட்டது என்றும் பேச்சு எழுந்தது. அவ்வாண்டு எங்கள் பெயர் கடைசியில் வந்திருந்ததால் நானும் முணுமுணுத்தவர்களில் ஒருவன். இனி மனிதக் கை வேண்டாம், கணிப்பொறியே குலுக்கட்டும், அதற்கு மாமனும் இல்லை மச்சானும் இல்லை என்று முடிவு கட்டினேன். சி மொழியில் ஒரே இரவில் நிரல் எழுதினேன். பெயர்களை வாங்கிக் குலுக்கி வரிசையாகக் காட்டும். என் கண்ணுக்கு அது அழகாக இருந்தது.

ஊர்க்கூட்டம் கோயில் முன் கூடியது. மின்கம்பி இழுத்து, அக்காவின் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். பெரியவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். “சரி, ஒரு தரம் போட்டுக் காட்டு” என்றார் தலைவர். பெயர்களை உள்ளிட்டேன். பட்டியல் வந்தது. நைனாவின் பெயர் இரண்டாவதாக இருந்தது.

ஒரு சிறு சலசலப்பு. ஊரில் மூத்தவரான ஒரு தாத்தா எழுந்து வந்து, திரையைக் குனிந்து பார்த்தார்.

“அதெல்லாம் சரி கண்ணு. இந்தப் பொட்டிக்குள்ள கைய உட்டு எடுத்தது யாரு?”

“யாரும் இல்ல தாத்தா. அதுவே தானா எடுக்கும்.”

“தானா எடுக்குமா? அப்ப இன்னொரு தரம் எடுக்கச் சொல்லு, பாப்போம்.”

மறுபடி இயக்கினேன். அதே பட்டியல், அதே வரிசை. நைனாவின் பெயர் அதே இரண்டாம் இடத்தில் இருந்தது. கை நடுங்க மூன்றாம் முறையும் இயக்கினேன். ஓர் எழுத்தும் மாறவில்லை.

கணிப்பொறியியல் பயிலும் நண்பர்கள் இந்நேரம் என் தவறைக் கண்டுபிடித்திருப்பார்கள். கணிப்பொறிக்கு உண்மையில் குலுக்கத் தெரியாது. ஓர் எண்ணை விதையாகக் கொடுத்தால், அதைப் பெருக்கியும் கூட்டியும் வகுத்தும், பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தோன்றும் எண்களை அது வரிசையாகத் தரும். விதை ஒன்றென்றால் விளைச்சலும் ஒன்றே. சி மொழியில் விதையைக் கொடுக்க மறந்தால், ஒவ்வொரு முறையும் 1 என்ற எண்ணையே விதையாகக் கொண்டு அது தொடங்கும். நான் மறந்திருந்தேன்.

ஆனால் கோயில் வாசலில் இருந்தவர்களுக்கு இது தெரியுமா? அவர்கள் கண்டது ஒன்றே. வலைக்காரர் மகன் பெட்டியைக் கொண்டுவந்தான். அந்தப் பெட்டி மும்முறையும் அவன் தகப்பனுக்கே நல்ல முறையைக் கொடுத்தது. நான் ஏமாற்றவில்லை. ஆனால் ஏமாற்றியிருந்தாலும் அந்தக் காட்சி இப்படியேதான் இருந்திருக்கும். அந்த எண்ணம்தான் இன்றும் என்னைச் சுடுகிறது.

ஒருவரும் கடிந்து பேசவில்லை. அந்த மௌனம் வசவைவிடக் கனமாக இருந்தது. நைனா எழுந்தார். “சீட்டையே போடுங்க. எங்க பேரு கடைசியில வந்தாலும் சரி” என்றார். போட்டார்கள். நல்லவேளையாக எங்கள் பெயர் நடுவில் வந்தது. முதலில் வந்திருந்தால் என்ன பேச்சு எழுந்திருக்குமோ! இருந்தும், நாற்பது ஆண்டுகளாக அந்த வாசலில் நிமிர்ந்து நின்ற மனிதர் அன்று என் பொருட்டு ஒருமுறை குனிந்து நடந்தார்.

அன்றிரவே பிழையைத் திருத்தினேன். ஒரே ஒரு வரிதான். மறுநாள் அதைக் காட்டி என் நேர்மையை மெய்ப்பிக்கலாம் என்று எண்ணினேன். பிறகுதான் உறைத்தது: அந்த ஒரு வரியைப் படிக்கக்கூடியவர் ஊரில் யார்? ‘என்னை நம்புங்கள்’ என்பதைத் தவிர அதில் வேறென்ன சொல்ல முடியும்?

இயந்திரத்தைக் கண்ணை மூடி நம்பி ஏமாந்தவன் நான் மட்டும் இல்லை என்று பின்னர் அறிந்தேன். 1960-களில் ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் ‘ராண்டு’ என்றொரு குலுக்கல் நிரல் உலகெங்கும் புழங்கிற்று. அது தந்த எண்களை மூன்று மூன்றாக எடுத்து வெளியில் புள்ளிகளாகக் குறித்தபோது, எங்கும் சிதறியிருக்க வேண்டியவை வெறும் 15 தளங்களின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அறிஞர்களே அதை நம்பிக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

இதற்கு மாறாக, நம் உத்திரமேரூர்க் கல்வெட்டை எண்ணிப் பார்க்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து, பத்தாம் நூற்றாண்டின் குடவோலை முறையைப் பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதன் நுட்பத்தை அன்று கவனிக்கவில்லை. ஓலைகள் இட்ட குடத்தை எல்லோரும் காணும்படி முதியவர் ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியபின் உரக்கப் படிக்க வேண்டும். ஐந்து விரலையும் விரித்து! ஓலையை மாற்றும் கைக்கு அங்கே இடமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனும் தூரத்தில் நின்று சரிபார்க்கக்கூடிய நிரல் அது. எங்கள் ஊர்த் தாத்தா கேட்டதும் அந்த விரிந்த கையைத்தான்.

இதைப் படித்துவிட்டு நான் பழைமைக்குக் கொடி பிடிப்பவனாக மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிக் கரை கடந்த புயலைப் பற்றிப் பாட்டி சொல்லும்போது அவள் குரல் இன்னும் தழுதழுக்கும். காற்றையும் மேகத்தையும் பார்த்தே நாள் சொன்ன பெரியவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆயினும் புயலின் கண் எங்கே இருக்கிறது என்று கரையில் நின்ற எவருக்கும் தெரியாது. இன்று செயற்கைக்கோள் அதைப் பல நாள் முன்னதாகவே காட்டுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே இல்லை. அன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவ ஊர் தப்பியது எப்படி? அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் செய்தி சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். தொலைபேசியும் ஒலிபெருக்கியும் இயந்திரங்கள்தாம். ஆனால் ஊரை எழுப்பியது ஊர்க்காரர் குரல், அதனால்தான் ஓடினார்கள். ஐதராபாத்திலுள்ள இன்காயிஸ் நிறுவனத்தில் 2007-இல் எச்சரிக்கை மையம் எழுந்தது. கடல் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே அளந்து, மீன் கூடும் இடங்களை அறிவிப்பதும் அந்நிறுவனமே.

‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுபவர்களிடம் எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. பாடு உரிமை எல்லோருக்கும் கிடையாது. குறிப்பிட்ட குப்பங்களில், குறிப்பிட்ட சமூகத்து ஆண்களுக்கே அது வழிவழியாக வருகிறது. சேற்றில் குனிந்து கையால் இறால் தடவும் இருளர் பெண்களின் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. ஆயுள் முழுதும் கூடை சுமந்து மீன் விற்ற என் பாட்டியின் பெயரும் ஒருநாளும் அதற்குள் போனதில்லை. குடம் நேர்மையானதுதான். ஆனால் யார் பெயர் உள்ளே போகிறது என்று அது கேட்பதில்லை. கணிப்பொறியும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆக, பழையதும் புதியதும் பகையா? என் தாத்தா கடலில் இடம் அறிய, கரையிலுள்ள ஒரு பனையையும் அதன் பின்னே உயர்ந்து நிற்கும் ஏதேனும் ஒன்றையும் நேர்கட்டிப் பார்ப்பார். வேறு பக்கம் திரும்பி இன்னொரு ஜோடியைப் பார்ப்பார். இரண்டு கோடும் வெட்டும் இடம் அவருடைய இடம். இன்று நைனாவின் படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவி நான்கு செயற்கைக்கோள்களையேனும் பார்த்து அதையே செய்கிறது. தெரிந்த புள்ளிகளிலிருந்து தெரியாத இடத்தைக் கண்டறியும் அதே அறிவு. பனை மட்டும் வானத்துக்குப் போய்விட்டது. மூடுபனியிலும் அது தெரியும் என்பது புதியதன் சிறப்பு. பேட்டரி தீர்ந்தாலும் பனை நிற்கும் என்பது பழையதன் சிறப்பு. நைனா இரண்டையும் வைத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நான் மடிக்கணினியை எடுத்துச் செல்லவில்லை. சீட்டைக் குடத்தில் போட்டு, தலைவர் அதை உயரத் தூக்கிக் குலுக்கினார். எழுத்தறியாத என் அக்கா மகள்தான் கைவிட்டு எடுத்தாள். எங்கள் பெயர் கடைசிக்கு இரண்டு முன்னால் வந்தது. நைனா ஒன்றும் சொல்லவில்லை; நானும் முணுமுணுக்கவில்லை. வரிசை முடிவானபின் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டேன். “எந்தத் தேதியில் யார் முறை, எந்த இடம் என்று ஆண்டு முழுதுக்கும் கணக்குப் போட்டு, தாளில் அச்சடித்துக் கோயில் சுவரில் ஒட்டட்டுமா?” முறையை எண்ணுவதில் தவறு வந்து சண்டை மூள்வது வழக்கமாதலால் ஒப்புக்கொண்டார்கள். எடுப்பது குழந்தையின் கை. எண்ணுவது மட்டும் கணிப்பொறி.

ஒட்டிய மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். ஒரு தேதியைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். அமாவாசையை ஒரு நாள் தள்ளிக் குறித்திருந்தேன். பக்கத்தில் சரியான தேதி எழுதியிருந்தது; கீழே, ‘தம்பி, இத மாத்து’ என்று ஒரு வரி.

எனக்கு ஆத்திரம் வரவில்லை. கோயில் வாசலில் மும்முறை தோற்ற என் நிரலை அன்று ஒருவராலும் திருத்த முடியவில்லை. ஏனெனில் அதை ஒருவராலும் படிக்க முடியவில்லை. இதைப் படித்தார்கள், சரிபார்த்தார்கள், திருத்தினார்கள். ஆகவே நம்பினார்கள். இனி நம் கல்லூரியிலிருந்து அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் நிரல் எழுதப் போகும் நண்பர்களிடம் நான் வேண்டுவதும் இது ஒன்றே: யாருடைய வாழ்வை நம் நிரல் வரிசைப்படுத்துகிறதோ, அவர் பென்சிலால் வட்டம் போட ஓர் இடம் விட்டு வையுங்கள்.

தாளைத் திருத்தி மறுபடி ஒட்டினேன். நைனா எட்ட நின்று பார்த்தார். “இந்தத் தரமாவது வெதய போட்டியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.